கைக்குள் வைத்த துணிச்சுருள்

அன்புள்ள மதினி,

உசுரோட இருந்தப்ப கடைசி ஒரு வருஷம் உங்ககிட்ட முகங்கொடுத்துப் பேசாதவ, நீங்க போய் ஆறு வருஷம் கழிச்சு கடுதாசி எழுத உக்காந்திருக்கேன். அண்ணன் நல்லா இருக்கு. எம்மக செல்விக்கு எட்டு வயசாகுது.

அன்னைக்கு நீங்க ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து பிள்ளையப் பார்க்க வந்தீங்க. செல்விக்கு நாலு மாசம். அழமாட்டா, போட்ட இடத்துல கிடப்பா. சமத்துப் பிள்ளைன்னு தெருவே சொல்லுச்சு, எனக்குப் பெருமை தாங்கல. வலது கைய எப்பவும் இறுக்கி மூடியே வச்சிருப்பா. பிடிச்ச பிடிய விடமாட்டா போலன்னு எங்க வீட்டுல அவிய சிரிப்பாவ.

நீங்க சிரிக்கல. மடியில போட்டு அந்த விரல ஒவ்வொண்ணா விரிச்சீங்க.

"ஏட்டி, இது சமத்து இல்லட்டி. பெருவிரல் உள்ள மடங்கிக் கிடக்கு பாரு. எங்க முருகேசனுக்கும் இப்படித்தான். மூளையில பிறவிக் குறைன்னாவ. நாங்க ரெண்டு வயசுலதான் கொண்டுபோனோம். நீ இப்பவே கொண்டுபோ."

பேண்டேஜ் துணியச் சுருட்டி, விரல் மடங்காம இருக்க அவ உள்ளங்கையில வச்சீங்க. முருகேசன் செத்து அப்ப ஒரு வருஷம்கூட ஆகல.

நான் என்ன கேட்டேன்? "உங்க பிள்ளைக்கு வந்தது எம்பிள்ளைக்கும் வரணுமா?" சுருளப் பிடுங்கி வாசல்ல எறிஞ்சேன். நீங்க குனிஞ்சு அத எடுத்து, மண்ணத் தட்டி, பையில வச்சுக்கிட்டுப் போனீங்க. பொறவு மஞ்சக்காமாலை உங்களக் கொண்டுபோயிருச்சு. துட்டி வீட்டுக்கு வந்து உங்க காலப் பிடிச்சு அழுதேன். அழுது என்ன செய்ய?

ரெண்டு வயசாகியும் செல்வி உக்காரல. அப்பத்தான் மதுரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற அம்மா முதல்ல செஞ்சது என்ன தெரியுமா? பேண்டேஜ் துணியச் சுருட்டி அவ கையில வச்சாங்க. நீங்க நாலு மாசத்துலயே இதே சுருள வச்சதச் சொன்னேன். "நாலு மாசத்துலயே வந்திருக்கலாமேம்மா, பிஞ்சு மூளை சீக்கிரம் பழகும்"னாங்க.

செல்வி இப்ப சுவரப் பிடிச்சு நடக்கா. வலது கை இன்னும் விரியல. அன்னைக்கே உங்க பேச்சக் கேட்டிருந்தா விரிஞ்சிருக்குமா? யாரும் உறுதியாச் சொல்லமாட்டேங்காவ. அதுதான் என்னைய அரிக்குது, மதினி.

போன செவ்வாக்கிழமை சேத்தூர் பஸ்ல ஒரு சின்னப் பொண்ணு, மடியில கைப்பிள்ளை. "சத்தமே போடமாட்டான், அம்புட்டு சமத்து"ன்னா. பார்த்தா, ரெண்டு கையிலயும் பெருவிரல் உள்ள கிடக்கு. என் பையில எப்பவும் ஒரு சுருள் இருக்கும். எடுத்து நீட்டி, விஷயத்தச் சொன்னேன். பக்கத்துல இருந்த செல்விய ஒரு பார்வை பார்த்தா.

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" சன்னல் வழியா எறிஞ்சுட்டா.

எனக்குக் கோவம் வரல. நீங்க குனிஞ்சு எடுத்ததுதான் ஞாபகம் வந்துச்சு.

செவ்வாக்கிழமைதோறும் அவ அம்மா வீட்டுக்கு அதே பஸ்லதான் போவாளாம், கண்டக்டர் சொன்னாரு. நானும் போவேன். எறிஞ்சா இன்னொண்ணு சுருட்டுவேன். எம்புட்டு ஏசினாலும் அந்தப் பிள்ளைய டாக்டர்கிட்டக் காட்டுற வரைக்கும் விடமாட்டேன். எம்மக கதையோட நிறுத்தமாட்டேன். உங்க பிள்ளைன்னு நான் பிரிச்சுப் பேசுனேனே, அவன் கதையையும் சொல்லுவேன்.

இப்படிக்கு,
முருகேசனோட அத்தை