பவுனுக்குப் பக்கத்தில் செவலை

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். பேண்டேஜ் கம்பெனியில் துணி எல்லாம் ஈரவாடை. இரண்டு பேர் லீவு, பேக்கிங் மொத்தமும் என் தலையில்.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் பிடித்து டீச்சரின் நாய்க் கொட்டகைக்கு. பன்னிரண்டு நாய் இருந்த இடத்தில் இப்போது ஒன்றே ஒன்று. நிலத்தை விற்றுவிட்டார்கள். திங்கட்கிழமை காலி செய்ய வேண்டும். கிரேஸ் டீச்சர் நாகர்கோவிலுக்கு, மகள் வீட்டுக்கே போகிறார், அது மூன்றாவது மாடி. நான் இருப்பதும் வாடகை மாடி. நாய் என்று வாயெடுத்தாலே வீட்டுக்காரம்மா என் சாமானைத் தெருவில் வைத்துவிடுவாள்.

மிச்சம் இருப்பது பவுனு. சேத்தூர் பஸ் ஸ்டாப்பில் கழுத்தில் கம்பி இறுகிக் கிடந்தவள். டீச்சரும் நானும் கோணிச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்து எட்டு மாதம். இப்போது பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. போன் செய்கிறவர்கள் கேட்பது இரண்டே கேள்வி.
1. ஒரிஜினல் ராஜபாளையமா?
2. குட்டி போடுமா?
ஆபரேஷன் ஆகிவிட்டது என்றதும் லைன் கட்.

யாரும் கேட்காதது: காது கேட்குமா?

கேட்காது. இரண்டு காதும். எங்களுக்கே போன வாரம்தான் தெரியும். மற்ற நாய்கள் குரைத்தால் குரைப்பாள், ஓடினால் ஓடுவாள். எல்லாம் ஒவ்வொன்றாக வீடு கிடைத்துப் போன பிறகு ஒருநாள் அவள் பின்னால் வாளியைத் தவறவிட்டேன். திரும்பவே இல்லை. "சுத்த வெள்ளையில இது உண்டும்மா" என்றார் டாக்டர். எட்டு மாதம் கண்ணை எங்கே வைத்திருந்தோமோ.

கொட்டகைக்கு முன்னால் மதுரை ரோடு. லாரி. ஹாரன்.

நவ. 5, புதன்

வெயில். முட்டை வாங்க மறந்தேன்.

வத்திராயிருப்பிலிருந்து போன். வேலம்மாள் என்று பெயர். வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். பிளவக்கல் பக்கம் தென்னந்தோப்பு, தோப்புக்குள்ளேயே வீடு. குட்டி வேண்டாமாம், காவலுக்கு ஒரு நாய் போதுமாம்.

சந்தோஷப்பட்டு வாயை மூடுவதற்குள் அடுத்த வார்த்தை: "போன நாயைச் சிறுத்தை தூக்கிருச்சும்மா. கட்டிப் போட்ட இடத்துல சங்கிலி மட்டுந்தான் கெடந்துச்சு."

நான் காதைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

டீச்சரிடம் கேட்டேன். "ஏட்டி செல்வி, அவிய கேட்டா சொல்லு. கேக்காட்டி வாயை மூடிக்கிட்டு இரு. இதை விட்டா ரோடுதான். பொறவு கர்த்தர் பாத்துக்குவாரு" என்றார். நாற்பது வருஷம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று அடித்த கை.

நவ. 6, வியாழன்

கம்பெனியில் லேபிளைத் தலைகீழாக ஒட்டி நூறு ரோல் வீண். சூப்பர்வைசர் முறைத்தார்.

நாளை மாலை அவர்கள் வருகிறார்கள். காது கேட்கிறதா என்று தட்டைப் போட்டுப் பார்க்காமல் அழைத்துப் போவார்களா? இந்த ஊர்க்காரர் யாரும் வெள்ளை நாயை அப்படி வாங்க மாட்டார். பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கீழே போடுவார்கள். திரும்பினால் நாய். திரும்பாவிட்டால் வேறு வீடு பார்.

ஒரு யோசனை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

எதிர் டீக்கடை வாசலில் கிடக்கும் செவலை நாய். யார் நாயும் இல்லை. தினமும் பன் போடுகிறேன், கூடவே கேட் வரைக்கும் வரும். பவுனுக்கு அதைப் பிடிக்கும். அது பக்கத்தில் நின்றால்?

சாயங்காலம் பன்னைக் காட்டி அதைப் பவுனு பக்கத்தில் நிறுத்தினேன். டீச்சர் பின்னால் நின்று தட்டைப் போட்டார். செவலை திரும்பியது. அதைப் பார்த்துப் பவுனும் திரும்பினாள். மறுபடி. மறுபடியும். டீச்சர் கைதட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவ. 7, வெள்ளி

நடந்துவிட்டது.

வேலம்மாள் ஒல்லி, கண்ணாடி, நிறையப் பேச்சு. அவருடைய வீட்டுக்காரர் நேராக மஞ்சள் பையைத் திறந்தார், தட்டு. செவலையைப் பவுனின் இடப்பக்கம் பன்னைக் காட்டி நிறுத்தியிருந்தேன். நாங்கள் எப்போதும் இப்படித்தான் வைத்திருப்போம் என்று ஒரு பொய் வேறு.

டணார். இரண்டும் திரும்பின.

அவர் செத்த நேரம் பவுனையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை போட்டார். திரும்பின.

"சரி, ஏத்து" என்றார் மனைவியிடம்.

ஜீப் கிளம்பியதும் செவலை கொஞ்ச தூரம் பின்னால் ஓடித் திரும்பி வந்தது. டீச்சர் ஜெபம் செய்தார். நான் கொல்லையில் போய் வாந்தி எடுத்தேன்.

நவ. 8, சனி

மழை. கரண்ட் இல்லை.

காலையில் வேலம்மாளிடமிருந்து போட்டோ வந்தது. தென்னை மரத்தடியில் பவுனு. பின்னால் மலை. எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது மலை! அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் புதர் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பைத்தியக்காரி.

கீழே ஒரு வரி: 'நாளைலேருந்து அவுத்து விடப் போறோம்.'

சிறுத்தை வந்தால் மற்ற நாய்க்குச் சருகுச் சத்தம் கேட்கும். இவளுக்கு என்ன கேட்கும்? செவலையும் இல்லை பார்த்துத் திரும்ப. நானே சிறுத்தைக்குக் கட்டி அனுப்பிய மாதிரி.

போன் செய்தேன். ரிங் போகிறது, எடுக்கவில்லை. ஐந்து தடவை. டீச்சரிடம் சொன்னேன். "போனதைப் போகட்டும்னு விடுட்டி, மூட்டை கட்ட ஒத்தாசை பண்ணு" என்றார். கோபத்தில் இரண்டு டம்ளரை உடைத்தேன். ஒன்று வேண்டுமென்றே.

நவ. 9, ஞாயிறு

முதல் பஸ்ஸில் ஸ்ரீவி. அங்கிருந்து வத்திராயிருப்பு, அப்புறம் ஆட்டோ. வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை: ஐயா, நான் ஏமாத்திட்டேன். ஐயா, அவளுக்குக் காது கேக்காது.

தோப்பு வாசலில் சங்கிலி. வெறும் சங்கிலி. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"யாரது? ஏம்மா, நீங்களா!" வேலம்மாள் ஓடி வந்தார். என்னைத் தூக்கி நிறுத்தினார். அடுப்படியில் பவுனு. தேங்காய்ச் சில்லு கடித்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் வாலால் பாத்திரத்தைத் தட்டிவிட்டாள். அந்தச் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது, அவளுக்கு மட்டும் இல்லை.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வேலம்மாளின் வீட்டுக்காரர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்.

"எனக்கு அன்னைக்கே, ஜீப்புல போகையிலயே வெளங்கிருச்சு தாயி" என்றார். "தட்டு விழுந்தா நாயி தட்டைத்தான் பாக்கும். செவலை தட்டைப் பாத்துச்சு. இவ செவலையைப் பாத்தா."

"தெரிஞ்சுமா கூட்டிட்டு வந்தீங்க?"

"பாதி வழியில எறக்கி விட்டுருவோம்னாக" என்றார் வேலம்மாள். "எம்புட்டுக் கோவம் இவியளுக்கு! அது எம் மடியில தலையை வச்சுத் தூங்கிருச்சு. நாந்தான் விடலை. நேத்து நீங்க கூப்பிட்டப்பவும் இவிய எடுக்க விடலை."

"அவுத்து விடப் போறதா போட்டிருந்தீங்களே. சிறுத்தை..."

"பகல்ல. கொரங்கு வெரட்ட. போன நாயை ராத்திரி வெளிய கட்டினது நான் செஞ்ச தப்பு. இனிமே ஆறு மணின்னா நாயி வீட்டுக்குள்ள." வீட்டுக்காரர் கட்டிலை விட்டு எழுந்தார். "ஒண்ணு சொல்றேன். இது தனியா ஆகாது. நேத்து தென்னை மட்டை விழுந்துச்சு, அதுக்குத் தெரியவே இல்லை. ஒரு சாண்ல தப்பிச்சுது. நீங்க அந்தச் செவலையையும் கொண்டாந்து விடுங்க. ஏலாதுன்னா இதையும் இப்பவே கூட்டிட்டுப் போயிருங்க. கண்ணு முன்னால இன்னொண்ணைச் சாகக் குடுக்க என்னால ஆகாது. மொதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே ரெண்டையும் ஏத்தியிருப்பேன்ல?"

தலையைக் குனிந்துகொண்டேன். நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்றேன்.

திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. கொட்டகை நாளையோடு மூடுகிறது. டீச்சர் போய்விடுவார், எனக்கும் அந்தப் பக்கம் வேலை இல்லை. பன்னிரண்டு நாய்க்கும் வீடு தேடினேன். செவலை அதே ரோட்டோரத்தில் எட்டு மாதமாகக் கிடக்கிறது. அதற்கு யார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. சோதனைக்கு மட்டும் ஞாபகம் வந்தது. சீ.

ஆறரைக்கு டீக்கடையில் இறங்கினேன். செவலை இல்லை. "மத்தியானத்துலேருந்தே காணோம்க்கா. அன்னைக்கு ஜீப்பு போன பக்கமாத்தான் ஓடுச்சு" என்றார் கடைக்கார அண்ணன். லாரியாகப் போகிறது. ரோட்டின் இரண்டு பக்கமும் டார்ச் அடித்து நடந்தேன், பெட்ரோல் பங்க் வரைக்கும். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது.

நாளைக்கு:
லீவு சொல்ல.
கயிறு.
பன் நான்கு.
ஆட்டோ, விடிவதற்கு முன். ஸ்ரீவி. வரைக்கும் ரோட்டோரமாக, மெதுவாக.
அதற்குக் காது நன்றாகக் கேட்கும். கூப்பிட்டால் வரும். வரணும்.