பருத்திக் கொல்லையில் ஒரு நீலக் கூடாரம்

6 ஜனவரி 2025, திங்கள்

செந்துறை பஸ்ஸில் கூடாரத்தை ஏற்ற கண்டக்டர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "என்ன மேடம், பந்தல் போடப் போறீங்களா?" என்றார். லக்கேஜ் டிக்கெட் வாங்கிப் பின் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். ஆறு கிலோதான். மடித்தால் பெரிய தாம்பாளம் அளவுக்கு வட்டமாக இருக்கும். விரித்தால் ஒரு பெண் உள்ளே போய் உட்கார்ந்து எழுந்து வரலாம். நல்ல நீல நிறம். பிரவீணா சென்னையில் உட்கார்ந்து நான்கு மாதம் வரைந்தது.

பருத்தி எடுக்கப் போகும் பெண்கள் காலை எட்டு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை சிறுநீருக்கு ஒதுங்குவதே இல்லை. அதற்குப் பயந்து தண்ணீரும் குடிப்பதில்லை. ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை, இந்த மாதிரிப் பிரச்சினைகளுக்கு ஊர் மக்களோடு சேர்ந்து வழி கண்டுபிடிக்கச் சொல்லிப் போட்டி வைத்தது. அரியலூரில் இருக்கும் எங்கள் சங்கம் அதில் தேறியது. முதல் கட்டப் பணம் வந்தது, வடிவமைத்துக் கொடுக்க பிரவீணாவும் வந்தாள். மக்களை நடுவில் வைத்துச் செய்யுங்கள் என்றார்கள். வைத்தோம். கூட்டம் போட்டோம், டீ கொடுத்தோம், கேள்வித்தாள் நிரப்பினோம்.

இரண்டாம் கட்டம் கிடைத்தால் நாற்பது கூடாரம், எனக்கு இரண்டு வருட வேலை. கிடைக்காவிட்டால் மார்ச் 31-உடன் வீட்டுக்குப் போகலாம். அதை நினைக்காமல் இருக்கத்தான் நோட்டை எடுத்தேன். எடுத்ததும் அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

8 ஜனவரி, புதன்

செல்லதுரை என்பவரின் கொல்லையில் கூடாரம் நட்டாயிற்று. அங்கே பருத்தி எடுப்பது கொளஞ்சியம்மாளின் ஆட்கள், அவரோடு சேர்த்துப் பதினோரு பெண்கள். ஒரு வருடமாக எங்கள் கூட்டங்களுக்கு வருபவர்கள்தான். யார் கொல்லைக்கு எப்போது போவது என்று பேசி ஆள் கூட்டி வருவது அவர்தான். ஐம்பது வயது இருக்கும். குரல் மட்டும் நாலு பேருக்கு இருக்கிறது.

எல்லோரும் சுற்றி நின்று துணியைத் தொட்டுப் பார்த்தார்கள். "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன். "நல்லாருக்கு புள்ள" என்றார் கொளஞ்சியம்மாள். மற்ற பத்துப் பேரும் நல்லாருக்கு என்றார்கள். படிவத்தில் பதினொன்றுக்குப் பதினொன்று திருப்தி என்று எழுதினேன். பிரவீணாவுக்குப் போட்டோ அனுப்பினேன். பத்து இதயம் திருப்பி அனுப்பினாள்.

11 ஜனவரி, சனி

மூன்று நாள். ஒருத்தரும் உள்ளே போகவில்லை.

18 ஜனவரி, சனி

பொங்கல் முடிந்து இரண்டு நாளாகக் கொல்லையில்தான் கிடக்கிறேன். கூடாரத்தை ரோட்டோரத்திலிருந்து எடுத்து வேப்பமரத்தடியில் வைத்தேன். சுண்ணாம்புக்கல் லாரிக்காரன்கள் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்க்கிறான்கள் என்று வேப்பமரத்தடியிலிருந்து உள்ளே தள்ளி வைத்தேன். உள்ளே வைத்தால் செல்லதுரைக்குச் செடி மிதிபடுகிறது என்று வரப்புக்கு மாற்றினேன். வீடு மாற்றுகிற மாதிரி ஒரு கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

பிரவீணா வீடியோ காலில் வந்தாள். "கலர் மாத்திப் பாக்கலாமா மலர்? பச்சை போட்டா செடியோட கலந்துடும்." பச்சை என்ன, கண்ணாடியில் செய்தாலும் இவர்கள் போகப் போவதில்லை என்று வாய் வரை வந்தது. பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன்.

ஏன் போகவில்லை? கேட்டால் சிரிக்கிறார்கள். "வரலியே புள்ள, வந்தா போவ மாட்டமா?"

ஆறு மணி நேரம் எப்படி வராமல் இருக்கும்!

23 ஜனவரி, வியாழன்

இன்று என் வாயை நானே தைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

மதியம் மூட்டை கட்டிவிட்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். எனக்கும் ஒரு தூக்கு மூடியில் சோறு வைத்தார்கள். பிப்ரவரி மூன்றாம் தேதி டெல்லியிலிருந்து அறக்கட்டளை அம்மா வருகிறார்கள், கூடாரம் எப்படிப் பயன்படுகிறது என்று பார்க்க. அந்த எரிச்சலில் பேசிவிட்டேன். "புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்கக்கா. மார்ச்சோட என் வேலையும் போவுது. எனக்கும் தெரிஞ்சுடும்ல, வேற வேலை தேடிப்பேன்."

கொளஞ்சியம்மாள் என் மூடியில் இன்னும் ஒரு கை சோறு வைத்தார். பிச்சை கேட்ட மாதிரி ஆகிவிட்டது. பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. எனக்கு முப்பத்து மூன்று வயது.

3 பிப்ரவரி, திங்கள்

டெல்லி அம்மா பத்து மணிக்கு வந்தார். கூட எங்கள் சங்கச் செயலாளர் அறிவரசன் சார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். நான் கும்பிடாத சாமி இல்லை.

வந்து ஐந்து நிமிடம் இருக்காது, கொளஞ்சியம்மாள் இடுப்பில் கட்டியிருந்த பருத்தி மடியை அவிழ்த்து வரப்பில் வைத்தார். நேராகக் கூடாரத்துக்குள் போனார். வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் செடி வரிசையில் சால் பிடித்துப் பருத்தி எடுக்கப் போய்விட்டார். அப்புறம் ஒருத்தி. அப்புறம் ஒருத்தி. ஒரு மணி நேரத்தில் பதினோரு பேரும். டெல்லி அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடாரம் எப்படி இருக்கிறது என்று என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். "இது வந்ததுலேர்ந்து நிம்மதியா இருக்கும்மா" என்றார் கொளஞ்சியம்மாள். நான் மொழிபெயர்த்தேன். என் கையை அந்த அம்மா பிடித்துக் குலுக்கினார்.

கார் போன பிறகு, கழுவிவிடலாம் என்று குடத்தோடு உள்ளே போனேன்.

மண் காய்ந்து கிடந்தது. பதினோரு பேர் போய் வந்த இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. குனிந்து கையால் தொட்டும் பார்த்தேன். உள்ளே நின்றுவிட்டு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கூடாரத்தை மடித்தேன்.

4 பிப்ரவரி, செவ்வாய்

ரிப்போர்ட் அனுப்பினேன். "ஒரு மணி நேரத்தில் பதினோரு பயன்பாடு." நான் எழுதியதா இது?

12 பிப்ரவரி, புதன்

இரண்டாம் கட்டம் கிடைத்துவிட்டது. அறிவரசன் சார் ஆபீஸில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். பிரவீணா போனில் கத்தினாள். நானும் கத்தினேன். லட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன், தின்ன முடியவில்லை. நாற்பது கூடாரம் தைக்க விலை கேட்கச் சொல்லியிருக்கிறார் சார். நாற்பது கொல்லையில் நாற்பது காய்ந்த மண்.

14 பிப்ரவரி, வெள்ளி

கேட்டுவிட்டேன். "ஏங்கா அப்படிச் செஞ்சீங்க?"

கொளஞ்சியம்மாள் கையை நிறுத்தவே இல்லை, பருத்தி எடுத்துக்கொண்டே சொன்னார். "பின்ன என்ன புள்ள? ஒன் வேல போயிடும்னு நீதான சொன்ன. வெளியூருக்காரங்க வந்து நிக்கறப்ப ஒன்ன வுட்டுக் குடுக்கச் சொல்றியா? ஒரு வருசமா எங்ககூட வெயில்ல நிக்கிற. எங்க புள்ளதான நீ."

கோபப்பட வேண்டும் என்றுதான் போனேன். என்ன செய்வது, அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு உதவி செய்த சந்தோஷம் அப்படியே இருக்கிறது.

16 பிப்ரவரி, ஞாயிறு

புவனேஸ்வரி வீட்டுக்குப் போனேன். அந்தப் பதினோரு பேரில் வயதில் சிறியவள், இரண்டு பிள்ளைகள். போன வருடம் நீர்க்கடுப்பு முற்றிக் காய்ச்சலோடு அரியலூர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் படுத்திருந்தவள். தனியாக இருந்ததால் பேசினாள்.

"எடத்துக்கு என்னங்கக்கா பஞ்சம்? கொல்லைக்குப் பின்னாடி அம்புட்டும் கருவேலங்காடுதான். போவ முடியாது, அவ்ளோதான். கிலோவுக்குத்தான கூலி. ஆளுக்கு ரெண்டு சால். நான் மடிய அவுத்து வச்சிட்டுப் போயி வந்தா, பக்கத்து சால்காரி முன்னாடி போயி அடுத்த சாலயும் புடிச்சிக்குவா, எனக்கு எடை கொறைஞ்சிடும். ஒத்தையிலயும் போவ முடியாது, தொணைக்கு ஒருத்திய கூப்புடணும். அவளுக்கும் கொறையும். யாரு வருவா?"

"அப்ப என்னதான் செய்யணும்?"

"எல்லாரும் ஒரே நேரத்துல நிக்கணும். ஒரு கால் மணி நேரம். அப்ப யாரும் யாரையும் முந்த முடியாது. ஒண்ணா போயிட்டு ஒண்ணா வந்துடலாம்."

"கூட்டத்துல மறைவு இல்லன்னு சொன்னீங்களே?"

"நீங்க மறைவா எடம் இருக்கான்னுதானக்கா கேட்டீங்க."

ஆமாம். கேள்வித்தாள் என்னிடம் இருக்கிறது. நான்காவது கேள்வி. நானேதான் எழுதினேன்.

18 பிப்ரவரி, செவ்வாய்

செல்லதுரை தடுப்பார் என்று நினைத்துச் சண்டைக்குத் தயாராகப் போனேன். "நானா நிக்க வேணாம்ங்கறேன்?" என்றார் அவர். "ரெண்டு மணிக்கு வேன் வரும், அதுக்குள்ள மூட்டை கட்டியிருக்கணும். நடுவுல நின்னா என்ன, உக்காந்தா என்னங்க? கொளஞ்சியக் கேளுங்க."

கேட்டேன். இதுவரை நான் பார்க்காத கொளஞ்சியம்மாளைப் பார்த்தேன்.

"கால் மணி நேரம் பதினோரு பேரு நின்னா எவ்ளோ போவும் தெரியுமா? இன்னைக்கு இவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அடுத்த வெள்ளாமைக்கு, கொளஞ்சி ஆளுவ மெத்தனம்னு வேற ஆளக் கூப்புட்டுக்குவாரு. வேல போனா நீ குடுப்பியா? ஒனக்காவ ஒரு நாளு நின்னோம். தெனமும் நிக்கச் சொல்றியா?"

பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? வேலை போகும் என்ற பயத்தில் பொய் எழுதி அனுப்பியவள் நான்.

21 பிப்ரவரி, வெள்ளி

நேற்று பஸ்ஸில் என் ஸ்டாப்பை விட்டுவிட்டு விக்கிரமங்கலம் வரை போய்த் திரும்பி வந்தேன். இன்று டெல்லி அம்மாவுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அன்று யாரும் கூடாரத்தைப் பயன்படுத்தவில்லை, எனக்காக நடித்தார்கள், எனக்கு அன்றே தெரியும், தெரிந்தே எழுதினேன். கூடாரம் வேண்டாம், வேலை நடுவில் எல்லோரும் சேர்ந்து நிற்க ஏதாவது ஏற்பாடு வேண்டும், அதைக் கொல்லைக்காரர்களோடும் ஆள் கூட்டுபவர்களோடும் பேச ஒரு வருடம் வேண்டும் என்று.

அனுப்பிவிட்டுத்தான் அறிவரசன் சாரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நம்ம ஆபீஸ்ல ஆறு பேரு இருக்காங்கம்மா. அவங்களயும் கேட்டுட்டு அனுப்பியிருக்கலாம்ல" என்றார்.

பிரவீணாவிடமும் போனில் சொன்னேன். "ஜனவரியிலயே சொல்லியிருக்கலாம் மலர். நான் கலர் மாத்திட்டு உக்காந்திருந்தேன்."

10 மார்ச், திங்கள்

பதில் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி. இந்தத் திட்டம் பொருட்களை உருவாக்குவதற்கானது. பொருள் இல்லாத தீர்வுக்கு இதில் இடமில்லை, அடுத்த ஆண்டு வேறு பிரிவில் விண்ணப்பிக்கலாம். இரண்டாம் கட்டம் நிறுத்தப்படுகிறது.

நான்கு முறை படித்தேன். எல்லா வரியும் மரியாதையாகத்தான் இருக்கிறது.

11 மார்ச், செவ்வாய்

பெரம்பலூரில் ஒரு நர்சிங் ஹோமில் ரிசப்ஷனுக்கு ஆள் எடுக்கிறார்களாம். விண்ணப்பம் எழுதினேன். கிழித்தேன். திரும்ப எழுதினேன்.

24 மார்ச், திங்கள்

காலையில் கொளஞ்சியம்மாள் போன். அந்தக் குரல் இப்படி இறங்கிப் பேசிக் கேட்டதில்லை. புவனேஸ்வரி கொல்லையிலேயே நடுங்கி விழுந்துவிட்டாளாம், அரியலூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்களாம். ஓடினேன்.

டாக்டரம்மா என் எதிரிலேயே கொளஞ்சியம்மாளைப் பிடித்துத் திட்டினார். "போன வருஷமே சொன்னேன்ல? அடக்கி அடக்கி கிட்னி வரைக்கும் போயிருக்கு. நீங்கதான கூட்டிட்டுப் போறவங்க?" கொளஞ்சியம்மாள் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "எம் பொண்ணு வயசு அவளுக்கு" என்றார். பக்கத்தில் உட்கார்ந்தேன். பேசி என்ன கிழித்தேன் இதுவரை?

29 மார்ச், சனி

திங்கள் ரம்ஜான் விடுமுறை என்பதால் ஆபீஸ் சாவியை இன்றே கொடுத்துவிட்டேன். அறிவரசன் சார் நல்ல மனிதர், வாசல் வரை வந்தார். கூடாரத்தை ஸ்டோர் ரூமில் வைத்தாயிற்று.

31 மார்ச், திங்கள்

அறையில் இருக்க முடியவில்லை. எந்த வேலையும் இல்லாமல் செந்துறை பஸ் ஏறினேன். கடைசிப் பருத்தி எடுப்பு ஓடிக்கொண்டிருந்தது. புவனேஸ்வரி இன்னும் ஆஸ்பத்திரியில், அவள் இல்லாமல் பத்துப் பேர்.

பத்தரை மணிக்கு கொளஞ்சியம்மாள் நிமிர்ந்து, "போதும், நில்லுங்கடி!" என்று ஒரு சத்தம் போட்டார். எல்லோரும் அப்படி அப்படியே நின்றார்கள். மடியை அவிழ்த்து வரப்பில் வரிசையாக வைத்தார்கள். தண்ணீர்க் குடத்தைச் சுற்றி நின்று குடித்தார்கள். அப்புறம் சத்தமாகப் பேசிக்கொண்டே கருவேலங்காட்டுப் பக்கம் போனார்கள். நானும் எழுந்தேன். "நீ எங்க வர்ற? மடியப் பாத்துக்க. ஆடு வாய வச்சிடும்" என்று என்னை உட்கார வைத்துவிட்டார்.

பத்து மடிகளுக்குக் காவலாக வரப்பில் உட்கார்ந்திருந்தேன். காட்டுக்குள்ளிருந்து அவர்கள் சிரிப்பது கேட்டது. எதைப் பற்றி என்று தெரியவில்லை. ஒரு ஆடு வந்தது, விரட்டினேன்.

மதியம் எடை போட்டார்கள். ஆளுக்கு அரைக் கிலோ போல எல்லோருக்கும் குறைந்திருந்தது. கொளஞ்சியம்மாள் தராசைப் பார்த்தார், செல்லதுரையைப் பார்த்தார். அவர் மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். "போவட்டும்" என்றார் கொளஞ்சியம்மாள். "நாளைக்கும் பத்தரைக்குத்தான்."

கிளம்பும்போது என்னைக் கேட்டார். "வேல என்ன புள்ள ஆச்சு? மார்ச்சுன்னியே."

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். போய்விட்டது என்று சொன்னால் இவர்கள் மறுபடியும் எனக்காக எதையாவது செய்து வைப்பார்கள்.

"இருக்குக்கா" என்றேன். "நாளைக்கும் வர்றேன்."