குழியில் விழும் ஞாயிறுகள்

பிப்ரவரி 1, சனி

திருப்பதியில் மகள் யாமினியின் கல்லூரி. வகுப்பே பார்க்க, பெரிய திரையில், ஒரே குழியில் திரும்பத் திரும்ப விழுந்தேன். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. பின்வரிசைப் பசங்கள் சத்தமாக எண்ணினார்கள். பொம்மை குதிக்க வேண்டிய நேரத்தில் நான் நாற்காலியிலிருந்து குதித்தேன்.

அவள் புராஜெக்ட் அது. வீடியோ கேமுக்கான தடங்களைக் கம்ப்யூட்டரே பெற்றெடுக்கும்: இரண்டு நல்ல தடங்களை வெட்டிச் சேர்த்தால் ஒரு குட்டித் தடம். "எங்க நைனா ஆடி முடிச்சா யாரானாலும் முடிச்சிடுவாங்க" என்றுதான் என்னை அழைத்துப்போனாள். அப்பன்மேல் எவ்வளவு நம்பிக்கை!

28-ஆம் தேதி ரிவ்யூ. அன்றைக்கு நான் பொம்மையை ஓட்டிப்போய்த் தடத்தின் முடிவிலிருக்கும் கதவைத் தொடாவிட்டால் புராஜெக்ட் ஊத்திக்கும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாதம் ஒருமுறை சித்தூர் வருகிறவள், இப்போது ஞாயிறுதோறும் லேப்டாப்போடு வருகிறாள் — என்னை விழவைக்க. இன்று பிறந்த தடத்தில் கதவு வானத்தில், ஏணி பூமிக்குள்.

"தடத்த, இங்க தரை, இங்க குழின்னு கட்டம் கட்டமா எழுதி வச்சது தப்பு நைனா. இதுல பாதி அதுல பாதி ஒட்டினா, வழியே அறுந்துபோவுது."

"உன்னையும் அப்படித்தான் பெத்தோம். என் மூக்கு, உங்கம்மா வாய்."

சமையலறையிலிருந்து என் மனைவி கன்னிகா: "மூள யாருதுன்னு கேளுடி. இப்ப பேச மாட்டாரு."

பிப்ரவரி 16, ஞாயிறு

விழுந்தேன். "துன்னுட்டு வந்து விழுங்க" என்றாள் கன்னிகா. கோழிக்குழம்பு. மூவரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

எழுதும் விதத்தையே மாற்றிவிட்டாள். கட்டங்களுக்குப் பதில், ஆடுகிறவன் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறாள்: நட, நட, குதி, நில், குதி. அதற்கேற்பத் தரையைக் கம்ப்யூட்டர் போட்டுக்கொள்கிறது. எங்கே வெட்டி ஒட்டினாலும் வழி அறுவதில்லை. இனி குறை தடத்தில் இல்லை, என் கட்டைவிரலில். இத்தனை நாள் தடத்தைத் திட்டிக்கினு இருந்தேன் — இப்போ யாரைத் திட்டுவது?

கடைசிக் குழிவரை போய் விழுந்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

ரிவ்யூ. சார்கள் கைகட்டி நின்றார்கள். கடைசிக் குழி. குதித்தேன் — இந்தத் தடவை பொம்மை மட்டும். கதவு திறந்தது! பின்வரிசையில் விசில்.

பஸ் ஏற்றிவிட வந்தவள் என் கையைப் பிடித்து ஆட்டினாள். "செம நைனா! இனிமே ஞாயித்துக்கெழமைல வந்து உன்ன தொல்ல பண்ண மாட்டேன்."

"அப்பாடா! கடையில ரிப்பேர் மிக்ஸிங்க குவிஞ்சி கெடக்குது" என்றேன்.

அந்தக் கடைசிக் குழி முன்னால், விழுந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்ததை மட்டும் சொல்லவில்லை.