நூற்றுப் பதினான்காம் பக்கத்துக் கட்டைவிரல்

786

மரக்காணம்
12.8.2006

அன்பு மகள் சனோபருக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான் ஒருவன் சுகம், ஷார்ஜாவில் நீயும் மாப்பிள்ளை முஜீப் ரஹ்மானும் பேரனும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். உங்கம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதங்களில் எல்லாம் நாங்கள் சுகம் என்றுதான் போட்டிருப்பேன், நான் ஒருவன் என்று எழுதுவதற்குள் பேனாவை இரண்டு தரம் கீழே வைத்துவிட்டேன். இங்கே மழை இல்லை, உப்பு நன்றாக வாருகிறார்கள், ரோட்டோரம் முழுக்க அம்பாரமாகக் கிடக்கிறது. நான் காலையில் ஒரு தரம் சோறு வடித்தால் ராத்திரிக்கும் அதுதான், குழம்பு மட்டும் இரண்டு நாளைக்கு வரும்படி வைத்துவிடுகிறேன், ருசியைப் பற்றிக் கேட்காதே.

கல்லூரி லைப்ரரி நீ பார்த்த மாதிரி இல்லை. போன வருஷம் பாதி ரேக்குகளைக் கழற்றிப் பின்பக்க அறைக்குத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டு கம்ப்யூட்டர் போட்டார்கள். கம்ப்யூட்டருக்கு ஏ.சி. உண்டு, புத்தகத்துக்கும் எனக்கும் கிடையாது. வருகைப் பதிவேட்டில் சில நாள் என் கையெழுத்து ஒன்றுதான் இருக்கும். ஆனால் வேடிக்கை என்னவென்றால் வருகிற ஆள் குறைந்ததே தவிர படிக்கிற ஆள் குறையவில்லை. தொலைநிலைக் கல்வி ஸ்டடி சென்டர் நம் கல்லூரியில் வந்த பிறகு மஸ்கட்டிலிருந்து, பெங்களூரிலிருந்து, யாரென்றே தெரியாதவர்கள் எல்லாம் இந்தப் பாடம் வேண்டும், அந்த அத்தியாயம் வேண்டும் என்று மெயில் போடுகிறார்கள். முப்பது வருஷம் புத்தகம் வெளியே போகாமல் காவல் காத்தவன், இப்போது பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அத்தாவுக்கு டிவி ரிமோட்டே அமுக்கத் தெரியாது என்று நீயும் அம்மாவும் சிரிப்பீர்களே, இரண்டு விரலால் டைப் அடிக்கிறேன், எழுத்தைத் தேடுவதற்குள் பொழுது போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரில் வகுப்பு, அன்றைக்குக் கொஞ்சம் முகங்களைப் பார்க்கலாம். நம் தெரு செந்தமிழ், உப்பளத்துக்குப் போகிற இருசப்பனின் மருமகள், இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு பி.ஏ. சேர்ந்திருக்கிறாள். நெட்டில் கண்டதை எல்லாம் எடுத்துவிட்டு, சார் இதுல எது நெஜம் எது டூப்புன்னு நீங்கதான் சொல்லணும் என்று வந்து உட்காருவாள். உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பேன். அவள் எழுந்து போன பிறகு எனக்கு உன் நினைப்பு வரும்.

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன். மார்ச் மாதம் காலையில் மெயிலைத் திறந்தால், பதிவு எண்ணுக்குப் பக்கத்தில் அ. சனோபர், பி.ஏ. வரலாறு என்று இருந்தது. நீ படிக்கச் சேர்ந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். பழைய சர்டிபிகேட்டில் உள்ளபடிதான் இனிஷியலைப் போட்டிருப்பாய் என்பது தெரிந்தும் என் பெயரின் அந்த அ-வையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கணமே நான்தான் அத்தா என்று எழுதியிருக்க வேண்டும். செய்யவில்லை. மாணவி அவர்களுக்கு, கேட்ட பக்கங்கள் இணைக்கப்பட்டுள்ளன, பெற்றுக்கொள்ளவும், இப்படிக்கு நூலகப் பிரிவு என்று போட்டேன். ஆபீஸ் பாஷை பேச எனக்கு வரும், மகளிடம் பேசத்தான் வராது. கடல் பொங்கி வந்த அன்றைக்கு நீ பதினொரு தரம் போன் போட்டாய், பதினொரு தரமும் எடுத்தது உங்கம்மா பாத்திமுத்துதான், அத்தாவும் பக்கத்துலதான் நிக்கிறாங்க என்று அவள் சொல்ல நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். அவள் மவுத்தாகி அடக்கம் செய்த பிறகு பெருநாளுக்கு நீ போட்ட போனில் நல்லா இருக்கீங்களா என்றாய், இருக்கேன் என்றேன், அதோடு இருவருமே வைத்துவிட்டோம்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் நீ கேட்டதை எல்லாம் நானேதான் அனுப்பினேன். நீ கேட்காததையும் அனுப்பினேன், ஒரு அத்தியாயம் கேட்டால் அதற்கு முந்தின அத்தியாயமும் சேர்ந்து வந்திருக்குமே, கவனித்தாயா. தடிப் புத்தகத்துக்கு ஸ்கேனர் மூடி மூடாது, கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும், பக்க ஓரத்தில் என் விரலும் பதிந்துவிடும், அதில்தான் மாட்டிக்கொண்டேன். போன மாதம் உன் மெயில் வந்தது. மேலே எல்லாம் மரியாதையாக, டிசம்பர் பரீட்சைக்கு நேரில் வர வேண்டியிருக்கிறது, கல்லூரிக்கு அருகில் பெண்கள் தங்க இடம் உண்டா எனத் தெரிவிக்கவும் என்று இருந்தது. கீழே தனியாக ஒரு வரி. நூற்றுப் பதினான்காம் பக்க ஓரத்தில் கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா.

அதைப் படித்துவிட்டு ஆளில்லாத ஹாலில் அழுதேன். அழுதுவிட்டு என்ன செய்தேன் தெரியுமா, விடுதிகளின் பெயரும் போன் நம்பரும் எடுத்து வரிசையாக டைப் அடித்தேன். புத்தி அப்படி. இருபத்தைந்து கிலோமீட்டரில் வீடு இருக்க என் மகள் லாட்ஜ் கேட்கிறாளே என்று நெஞ்சு எரிந்தது, கேட்கும்படி வைத்தது யார் என்றும் உறைத்தது. ஊரார் பெண்களுக்கெல்லாம் லைப்ரரி கார்டு போட்டுக் கொடுத்தவன், இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த உன்னை நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்தேன். மாப்பிள்ளை நல்லவர், அதில் குறையில்லை. ஆனாலும் இன்னும் ஒரே ஒரு வருஷம் அத்தா என்று நீ கேட்டபோது நான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். அது என் தப்பு. உங்கம்மா அப்போதே சொன்னாள். அந்த விடுதி லிஸ்டை நான் அனுப்பவில்லை, நகத்துக்கும் பதில் போடவில்லை. மூன்று வாரமாக உன் மெயிலும் இல்லை. தினமும் காலையில் போய் முதல் வேலையாகத் திறந்து பார்க்கிறேன், மஸ்கட்காரர் கேட்கிறார், பெங்களூர்க்காரர் கேட்கிறார், நீ இல்லை.

முப்பத்தொன்றாம் தேதியோடு நான் ரிட்டயர். எனக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் படித்த பெண் வருகிறாள், சூட்டிகையானவள், நீ கேட்டதை அன்றைக்கே அனுப்புவாள், அவளிடம் தயங்காமல் கேள். புது ஸ்கேனரும் வருகிறதாம், ஓரம் எல்லாம் சுத்தமாக இருக்கும். ஆனால் அங்கே பதில் போடுவது நானாக இருக்க மாட்டேன் என்பதால்தான் இதைத் தபாலில் எழுதுகிறேன்.

தங்க இடம் கேட்டிருந்தாய், உண்டு. உங்கம்மாவின் அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன், டியூப்லைட் மாற்றியாகிவிட்டது, கல்லூரிக்கு எட்டரைக்கு பஸ். பேரனையும் அழைத்து வா, நீ பரீட்சை எழுதும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். நோன்பு நாளில் ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் படிக்காதே. பதிலில் வருஷங்களைத் தப்பில்லாமல் எழுது, உனக்கு எப்போதும் அதில்தான் மார்க் போகும். அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும், உன் படிப்பை இந்த முறை யாரும் நிறுத்தாதிருக்கட்டும். போன் நம்பர் பழையதுதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டில்தான் இருப்பேன், அடித்தால் நானே எடுப்பேன், சீக்கிரம் வைக்க மாட்டேன்.

இப்படிக்கு
உன் அத்தா
அப்துல் சுக்கூர்

நகத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஏப்ரலில் பின்பக்க அறையில் ரேக்கைத் தள்ளும்போது நசுங்கியது. ஆஸ்பத்திரியில் காட்டவில்லை. கறுத்தது விழுந்து புதுசு பாதி வளர்ந்திருக்கிறது. வலிக்கிறதா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை, நீதான் கேட்டாய்.