சயந்தனின் பெயருக்கு முன்னால்

வதனி,

அப்பாவின் நினைவு மலர் அலுவலாய் யாழ்ப்பாணத்து அச்சகத்துக்குப் போகிறேன். குசினியில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் இருக்கிறது.

"ஓப்செற் அச்சில் ஐந்நூறு அடிச்சால் மலிவம்மா" என்றாய். உண்மைதான். ஆனால் அதுக்கு அச்சுப் பிளேற் போட்டால் ஐந்நூறும் ஒரே மாதிரி வந்துவிடும், பிறகு மாற்ற ஏலாது. டிஜிற்றலில் இப்போதைக்கு நூறு அடித்து, தேவையென்றால் திருத்தி இன்னும் அடிக்கலாம்.

மலரில், காணாமல் போன உன் அண்ணா சயந்தனின் பெயருக்கு முன்னால் நீ போட்ட 'அமரர்' என்பதை எடுக்கச் சொல்லப் போகிறேன். நீ சொல்வதுதான் சரியென்று என்றைக்காவது தெரிந்தால், அடுத்த நூறில் நானே போடுவிப்பேன்.

கதவைப் பூட்ட வீட்டுத் திறப்பு அலுமாரிக்கு மேல்.

அச்சகத்தில் இருந்து உனக்குப் போன் எடுத்துக் கேட்டால், "அம்மா சொன்னபடி அடியுங்கோ" என்று மட்டும் சொல்லு, பிள்ளை.

அம்மா