குடத்துச் சிறுத்தை

பிப்ரவரி 4, ஞாயிறு

அனுமந்தன்பட்டியில் ஒரு வளைகாப்பை வீடியோ எடுத்த கையோடு, என் குறும்படத்துக்கான உறுமலையும் பதிவு செய்தேன். பிளாஸ்டிக் குடத்தின் அடியில் ஓட்டை, அதில் ஒரு கயிறு. கயிற்றை ஈரத்துணியால் பிடித்து இழுத்தால் சிறுத்தை. கணினியில் வேகத்தைக் குறைத்தால் பெரிய சிறுத்தை. கேமரா பிடிக்கும் நாகராஜ் கேட்டுவிட்டு, "வயித்தக் கலக்குது கயலு" என்றான். பயத்திலா, கேலியிலா?

பிப்ரவரி 6

திராட்சைத் தோட்டத்தில் படப்பிடிப்பு. கதாநாயகி பிரின்சி பந்தலுக்குள் தனியாக நடக்க வேண்டும். சிறுத்தையைக் காட்டவே கூடாது. கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, கல்தூண்களுக்கு நடுவே மெல்ல நகர்த்தினோம். பார்ப்பவர் விலங்கின் கண்ணால் பார்ப்பார், நடுங்குவார் என்பது என் எண்ணம். பிரின்சி கொட்டாவி விட்டாள். முகத்தில் அசல் பயம் வரட்டும் என்று ஒலிபெருக்கியில் உறுமலைப் போட்டேன். பிரின்சி சிரித்தாள். பக்கத்துத் தோட்டத்தில் யாரோ அலறினார்கள்.

பிப்ரவரி 7

அலறியது அக்கம்மாள். பழம் வெட்டிக்கொண்டிருந்தவர் பயந்து ஓடி, வாய்க்காலில் விழுந்து, இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஊர் முழுக்கச் சிறுத்தைப் பேச்சு.

நான் என்ன செய்தேன்? கேமராவைத் துடைத்து வைத்தேன்.

பிப்ரவரி 10

வனத்துறையினர் வந்து ஏதோ ஒரு நாயின் கால்தடத்தை அளந்தார்கள். "இருக்கலாம்" என்றார்கள். அவ்வளவுதான், பெண்கள் யாரும் வேலைக்குப் போகவில்லை. பழம் கொடியிலேயே வெடிக்கிறது. நாகராஜ் சொல்கிறான்: "வாயத் தொறந்தா உள்ள வச்சிருவாக. பேசாம இரு."

பேசாமல் இருக்கிறேன். குற்றவுணர்வை நடிப்பில் எப்படிக் கொண்டுவருவது என்று பிரின்சிக்கு ஒரு வாரம் பாடம் எடுத்தவள் நான்!

பிப்ரவரி 11

சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 12

அக்கம்மாள் வீட்டுக்குப் போனேன். மாவுக்கட்டுக் கையோடு நாலு பெண்களுக்கு நடுவே கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"மொத சத்தமே இல்ல ஆத்தா. குருவி கத்துறது நின்னு போச்சு. மோட்டார் நின்னு போச்சு. கொடி மட்டும் லேசா அசையுது. நான் திரும்பல. திரும்புனா அங்கன நிக்கும்னு தெரியும்."

என் முதுகு சில்லிட்டது. சிறுத்தையைச் செய்தவளே நான்தானே, எனக்கு எதற்கு?

அவர்கள் போனபின் போனில் உறுமலைப் போட்டுக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போனை வாங்கி இன்னொரு தடவை கேட்டார்.

"அப்ப நான் கொடத்துக்குப் பயந்தா கைய ஒடிச்சுக்கிட்டேன்?"

"தப்பு என்னோடது சின்னம்மா..." அழுதுவிட்டேன். சே, அழவேண்டியவர் அவர்.

"எங்கிட்ட அழுது என்ன? வேலை வெட்டி இல்லாம எல்லாரும் ஒக்காந்திருக்காக. நாளைக்குக் கொடத்தத் தூக்கிட்டு வா. ஊருக்கு நீயே சொல்லு."

பிப்ரவரி 13

கோயில் முன்னால் எல்லோரும் பார்க்கக் குடத்தின் கயிற்றை இழுத்தேன். உடனே வசவு. ஒருத்தி விளக்குமாற்றோடு வந்தாள். "கை ஒடிஞ்சது எனக்கு. அடிக்கிறதா இருந்தா நாந்தேன் அடிக்கணும்" என்று அக்கம்மாள் மறித்தார். அடிக்கவில்லை. கட்டுப் பிரிக்கும்வரை அவர் வீட்டுக்குத் தண்ணீர் தூக்க வேண்டும் என்று தீர்ப்பு. புதுக் குடம் வாங்க வேண்டும், என்னுடையதில் ஓட்டை.

வனத்துறைக்கு மன்னிப்புக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 14

பெண்கள் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

மார்ச் 3, ஞாயிறு

தண்ணீர் ஊற்றிவிட்டு, வெட்டி ஒட்டிய படத்தை அக்கம்மாளுக்குக் காட்டினேன். ஆடும் கேமரா, முரசு, வயலின், உறுமல்.

"இம்புட்டுச் சத்தம் போட்டா அது எப்படி வரும்? பயந்து ஓடிப்போயிரும்ல."

எல்லாவற்றையும் நீக்கினேன். பிரின்சிக்குப் பதில் அக்கம்மாளையே பந்தலில் நிறுத்தி மறுபடி எடுத்தோம். கேமரா அவர் முதுகுக்குப் பின்னால் அசையாமல் நிற்கிறது. குருவிச் சத்தம், மோட்டார் சத்தம். ஒவ்வொன்றாக நிற்கின்றன. கொடி அசைகிறது. அவர் திரும்பவில்லை. அவ்வளவுதான் படம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

தேனியில் குறும்படப் போட்டி. எங்களுக்கு இரண்டாம் பரிசு. நடுவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "அந்த உறுமல் ஒண்ணு போதும்மா! இன்னும் காதுக்குள்ளயே இருக்கு. எங்க பதிவு பண்ணீங்க?" என்றார்.

படத்தில் உறுமலே இல்லை. சொல்ல வாயெடுத்தேன். அக்கம்மாள் என் இடுப்பில் கிள்ளினார்.

"வருசநாட்டுக் காட்டுல சார். ரெண்டு நாள் காத்துக் கெடந்தோம்" என்றார்.