ஜனவரிக்கு வந்த சின்ன பில்

அன்பு மகள் பெகிமாய்க்கு, நாரினிலிருந்து அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஆய்தானாவும் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நானும் பசுவும் அடுப்பும் சுகம். மூவரில் அடுப்புக்குத்தான் பசி குறைந்துவிட்டது, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்ல வேண்டியதற்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் நீ அதை முடித்துவிடுகிறாய் அம்மா, இதுவோ எனக்கே இன்னும் சரியாகப் பிடிபடாத விஷயம், நடுவில் நீ புகுந்தால் இருக்கிற கொஞ்சநஞ்சமும் குழம்பிவிடும். எதிர்வீட்டு மைராமின் தங்கை மகன் மாஸ்கோவுக்கு வேலைக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதையும், தயிரை உருட்டிக் காயவைத்த குருத்து ஒரு பையும் கொடுத்தனுப்புகிறேன். குருத்து இந்தத் தடவை உப்புத் தூக்கலாகிவிட்டது, மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

விஷயம் என்னவென்றால் ஜனவரி மாதக் கரண்ட் பில் வந்துவிட்டது. பனிக்கு முந்தி, முன்கூட்டியே அக்டோபரில் உன் அம்மாவுக்கு ஆண்டு விருந்து வைத்து முடித்த மறுநாள் நீயும் உன் அண்ணன் குபாத்தும் என்னை நடுவில் உட்காரவைத்துப் பேசியதை நினைத்துப் பார். வீட்டுக் குளிர்காலச் செலவு என் பென்ஷனுக்குத் தாங்காது, வீட்டை விற்றுவிட்டு பிஷ்கெக்கில் குபாத்தின் ஒன்பதாம் மாடிக்கு வந்துவிடுங்கள் என்றீர்கள். அந்த மாடியிலிருந்து கீழே பார்த்தால் எனக்குத் தலை சுற்றும், பசுவை எங்கே கட்டுவது என்றும் யாரும் சொல்லவில்லை. நான் மறுத்ததும் நீ போனில் போன குளிர்காலத்து பில்களையெல்லாம் வரிசையாக எடுத்தாய், கோடை பில்களோடு கூட்டினாய், நிலக்கரியையும் சேர்த்தாய், பன்னிரண்டால் வகுத்தாய், மாதாமாதம் இவ்வளவு எடுத்துவைத்தால் சமாளிக்கலாம், ஆனால் ஜனவரி பில் இந்தத் தொகையைத் தாண்டினால் மறுபேச்சில்லாமல் கிளம்ப வேண்டும் என்று என்னிடம் வாக்கு வாங்கினாய். வருத்தத்தில் இருந்த மனுஷன், கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த ஒற்றைத் தொகை என் கழுத்தில் தொங்குகிறது. பல்பு போடும்போதெல்லாம் வீட்டில் ஒரு செங்கல் விற்றுப்போகிறது என்று தோன்றும்.

உன் திட்டமே எனக்கு முழுசாக விளங்கியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிச்சமாகிற பணத்தைத் தொடாதீர்கள், அது உங்கள் பணம் இல்லை, ஜனவரியுடைய பணம் என்றாய். இத்தனை வருஷம் தோலோன் கணவாயில் பஸ் ஓட்டியிருக்கிறேன், டீசல் கணக்கு எனக்கு அத்துப்படி, மேட்டில் அதிகம் குடிக்கும், இறக்கத்தில் குறைவாகக் குடிக்கும், ஆனால் இறக்கத்தில் மிச்சமான டீசல் மேட்டுக்குச் சொந்தம் என்று எந்த முதலாளியும் என்னிடம் சொன்னதில்லை. அப்புறம் நிலக்கரி. அதை நாம் ஆகஸ்டிலேயே ஒரே லாரியாக இறக்கிவிடுகிறோம், பனி விழுந்த பிறகு வாங்கினால் விலை எகிறிவிடும். மொத்தமாகக் கொடுத்துத் தீர்ந்த காசை நீ எப்படிப் பன்னிரண்டு துண்டு போட்டாய்? பில்லில் வேறு ஒரு குறிப்பிட்ட அளவு வரைக்கும் ஒரு விலை, அதைத் தாண்டினால் தாண்டியதற்கு இரட்டிப்பு விலை. சரி, படித்த பிள்ளை போட்ட கணக்கு, எனக்குப் புரியாவிட்டாலும் சரியாகத்தான் இருக்கும் என்று பேசாமல் எடுத்துவைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது பில் வந்து பார்த்தால், மகளே, உன் தொகையில் பாதிகூட இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பாய். எனக்குக் குலைநடுங்கிவிட்டது. மீட்டர் செத்துவிட்டது என்று நினைத்தேன். கீழ்த்தெருவில் ஒருவர் வீட்டில் மீட்டர் நின்றுபோய், அவரே காந்தம் வைத்து நிறுத்தினார் என்று அபராதம் போட்டுவிட்டார்களாம், அந்தக் கதை ஊருக்கே தெரியும். இந்த வயதில் எனக்குத் திருட்டுப் பட்டம் எதற்கு? வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன், மினுக்கவில்லை. கெட்டிலைப் போட்டேன், மினுக்கியது. அணைத்தேன், நின்றது. பசு என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது. அப்படியும் மனசு ஆறாமல் பில் கட்டுகிற இடத்துக்கே போய், எனக்கு பில் குறைவாக வந்திருக்கிறது, சரிபாருங்கள் என்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளையும் கூப்பிட்டு என்னைக் காட்டினாள். "தாத்தா, இங்க எல்லாரும் அதிகமா வந்துருச்சுன்னுதான் சண்டைக்கு வருவாங்க. குறைச்சலா வந்துருச்சுன்னு அழுதுகிட்டு வந்த மொத ஆளு நீங்கதான்" என்றாள். சிரிக்கட்டும். மீட்டர் பார்க்க ஆள் அனுப்பு என்று எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

குல்சைரா என்று ஒரு பெண் வந்தாள். முத்திரையைப் பார்த்தாள், ஏதோ கருவியை மாட்டிப் பார்த்தாள், நான் கொடுத்த தேநீரையும் குடித்தாள். "மீட்டர் கல்லு மாதிரி இருக்கு. நீங்கதான் கரண்ட் எரிக்கல. உடம்பப் பார்த்துக்கங்க, குளிர்ல கிடக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போதுதான் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. கொட்டகைக்குப் போய்ப் பார்த்தால் ஆகஸ்டில் நீ சொன்ன அளவுக்கு இறக்கிய நிலக்கரியிலும் பாதி அப்படியே கிடக்கிறது. பிப்ரவரியில் தரை தெரிய வேண்டிய கொட்டகை! மீட்டர் சரி, கரி சரி என்றால் கோளாறு என்னிடம்தானா? குளிர் எனக்கு உறைப்பதே இல்லையோ, உடம்பில் ரத்தம் சுண்டிவிட்டதோ என்று இரண்டு காலுறை போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன். சமையலறைக்கு அடுத்த சின்ன அறையில்தான் படுக்கிறேன், அங்கே நன்றாகத்தான் கதகதப்பாக இருக்கிறது. ஒன்றும் புரியவில்லை. போனில் உன்னிடம் நான் குரல் மாறிப் பேசினேனே, நீகூட மூக்கடைப்பா என்று கேட்டாயே, அது இந்தப் பயம்தான்.

அப்புறம் மைராம் வந்தாள். அவள் மகளைப் பெண் கேட்டு ஆட்கள் வருகிறார்களாம், இரவு தங்குவார்கள், நம் வீட்டு மெத்தைகளைக் கடன் கேட்டாள். மெத்தைகள் பெரிய அறையில் அடுக்கிக் கிடக்கின்றன. அந்த அறையை ஆண்டு விருந்துக்கு அப்புறம் நான் திறக்கவே இல்லை. திறந்தால் கண்ணாடியின் உள்பக்கம் பனி பூத்திருந்தது, பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. மெத்தையைத் தூக்கிக்கொண்டே என் பில் கதையை அவளிடம் சொன்னேன், போன ஜனவரியில் அவ்வளவு வந்தது, இந்த ஜனவரியில் இவ்வளவுதான், எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று. அவள் மெத்தையைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தாள். "அண்ணே, இந்த ரூமோட சேர்த்து மூளையையும் பூட்டி வச்சுட்டீங்களா?" என்றாள். "போன ஜனவரில இந்த வீட்டுல என்ன நடந்துச்சு? பூருல் அக்கா உங்கள விட்டுப் போனது அந்த மாசந்தானே? என் ஹீட்டர் இந்த மூலையில எரிஞ்சுச்சு. டீச்சர் வீட்டு ஹீட்டர் நடையில, மேலத்தெருக்காரங்களோடது சமையல்கட்டுல. முத்தத்துல போட்ட யுர்த்துக் கூடாரத்துக்கு ஒயர் இழுத்து ராவும் பகலும் பல்பு. அத்-பாஷியில இருந்து, கோச்கோர்ல இருந்து, அக்காவுக்காக அழ வந்தவங்கள நடுங்க விடுவோமா? அந்த மாசம் எங்க வீட்டு பில் பாதிதான் வந்துச்சு. நாங்க எங்க வீட்டுல இருந்தாத்தானே!" என்றாள்.

பெகிமாய், நான் அந்த மெத்தை அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த நாட்களில் எந்த பில் வந்தது, யார் கட்டினார்கள் என்று எனக்கு ஞாபகமே இல்லை, குபாத் கட்டியிருப்பான். நான் யுர்த்துக்கு வெளியே நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே நீ உன் அத்தைகளோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாய், உன் தொண்டை கட்டிப்போனது. நாற்பதாம் நாள் வரைக்கும் ஒரு கதவைக்கூடச் சாத்தவில்லை, வந்தவர்கள் படுத்த இடமெல்லாம் அனல், தேநீர் சமோவார் ஆறியதே இல்லை. நீயும் அங்கேதான் இருந்தாய், நானும் அங்கேதான் இருந்தேன், இருந்தும் அக்டோபரில் இரண்டு பேரும் அந்த பில்லை வைத்துக்கொண்டு இதுதான் ஒரு கிழவனின் குளிர்காலச் செலவு என்று கணக்குப் போட்டிருக்கிறோம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன், மைராம் சாட்சி.

ஆகவே வாக்குப்படி நான் ஜெயித்துவிட்டேன். வீடு விற்பனைக்கு இல்லை, குபாத்திடமும் சொல்லிவிடு, வீட்டை விற்றுத்தர அவன் பிடித்துவைத்திருக்கும் தரகனையும் நிறுத்தச் சொல். ஆனால் ஜெயித்தவன் மாதிரி எனக்கு இருக்கவில்லை. இந்தச் சின்ன பில்லைப் பார்க்கப் பார்க்க, ஒரு மனுஷன், ஒரு பல்பு, ஒரு கெட்டில், வேறு யாரும் வரவில்லை என்று அதில் எழுதியிருப்பது போலத்தான் தெரிகிறது. ஆண்டு விருந்து முடிந்தால் ஆட்கள் வருவதும் நின்றுவிடும், அது வழக்கம், யாரையும் குறை சொல்லவில்லை. நானும்தான் அறையைப் பூட்டிக்கொண்டு காசு மிச்சம் பிடித்தேன். வியாழக்கிழமை தவறாமல் அம்மாவுக்காக எண்ணெயில் ரொட்டி பொரித்து, ஓதிவிட்டு, அத்தனையையும் தனியாகத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன். அதைக் கேட்டதும் மைராமுக்குக் கோபம் வந்துவிட்டது. "தெருவே மணக்குது, ஒருத்தரையும் கூப்பிட மாட்டேங்குறீங்க, நாங்க என்ன உங்க வீட்டுக் கதவை ஒடச்சா உள்ள வருவோம்?" என்றாள். அவர்கள் வரவில்லை என்று நான் நினைத்திருந்தேன், நான் கூப்பிடவில்லை என்று அவர்கள் நினைத்திருந்தார்கள்.

போன வியாழன் பெரிய அறையைத் திறந்தேன். ஹீட்டரைக் காலையிலேயே போட்டால்தான் மாலைக்குள் சுவர் சூடேறுகிறது, அடுப்பிலும் கரியைத் தாராளமாகப் போட்டேன். மைராம் வந்தாள், டீச்சரும் அவள் கணவனும் வந்தார்கள், என்னோடு பஸ் ஓட்டிய பழைய ஆட்கள் இருவர் வந்தார்கள். ரொட்டி போதவில்லை. அம்மா பெயரைச் சொல்லி அவள் செய்த சேட்டைகளைப் பேசிச் சிரித்தோம், டீச்சர் கணவன் கிளம்புவதாகவே இல்லை. இனி வியாழன்தோறும் இப்படித்தான். அதனால் அடுத்த பில் ஏறும், பதறாதே. எவ்வளவு ஏறும் என்று எனக்குத் தெரியாது, வியாழனை எப்படி மாதத்தில் வகுப்பது என்றும் தெரியாது, அதை நீ பார்த்துக்கொள். தொகையை மட்டும் சொல், நான் எடுத்துவைக்கிறேன்.

உனக்கு நீண்ட ஆயுளும், குறையாத வீடும், நல்ல மனுஷர்களின் துணையும் கிடைக்கட்டும். மாப்பிள்ளையின் முதுகுவலிக்குக் கம்பளிக் கச்சை வைத்திருக்கிறேன், அடுத்து யாராவது கிளம்பினால் அனுப்புகிறேன். ஆய்தானாவைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே, பால் குடிக்க மாட்டேன் என்றால் நான் கோபிப்பேன் என்று சொல். ஆகஸ்டில் லாரி சொல்லும்போது எவ்வளவு கரி என்று என்னையும் ஒரு வார்த்தை கேள். இன்னும் ஒன்று, மறந்துவிடாதே: போன ஜனவரியை உன் சராசரியிலிருந்து எடுத்துவிடு. ஆனால் போனிலிருந்து அழித்துவிடாதே அம்மா, அது உன் அம்மாவுக்காக எத்தனை பேர் வந்தார்கள் என்பதன் பில்.

நாரினில் சொந்த வீட்டில் இருக்கும்,
உன் அப்பா எசென்குல்